பாலை வழியும் முதுமைத் துணையும்

நிலத்தை நான்காக வகுத்து அவற்றிற்குத் தெய்வமும் தொழிலும் உணவும் வகுத்த தமிழிலக்கணம், ஐந்தாவதாகிய பாலைக்கு மட்டும் தனியே ஒரு நிலம் வகுத்திலது. தொல்காப்பியனார் அதனை நடுவுநிலைத் திணை என்று கூறி, வேனிற் பருவத்தையும் நண்பகலையும் அதற்குப் பொழுதாக அமைத்தார். முல்லையும் குறிஞ்சியும் ஞாயிற்றின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த காலத்துப் பாலை என்னும் வடிவினைக் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் காட்டிய கருத்து. ஆகவே பாலை என்பது ஓரிடத்தின் பெயரன்று; எவ்விடத்திற்கும் வந்து நேரக்கூடிய ஒரு நிலைமையின் பெயர் என்று நாம் அறிதல் வேண்டும்.

இப்பாலையிற் செல்வோர் யாவர்? அகநானூற்றின் 400 பாட்டுக்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டுக்களும் பாலைத்திணைக்கே உரியன. அவற்றிற் பெரும்பாலும் நடப்போர் இளையோரே. பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவன் ஒருபுறம். தலைவனொடு உடன்போக்கிற் சென்ற தலைவி மற்றொரு புறம். முதுமையுற்றோர் அவ்வழியிற் காணப்படுவது அரிது. காணப்படுவோருள் சிறந்தவள் செவிலித்தாய். பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய பாலைக்கலியில் அவள் தன் மகளைத் தேடி வெயிலிற் புறப்படுகின்றாள். எதிர்வரும் அந்தணரை வினவுகின்றாள். அவர்தம் அறவுரை கேட்டு அமைகின்றாள். முதியவள் பாலைக்குள் அடியெடுத்து வைப்பது துயரத்தினால்; அங்ஙனம் வைக்குங்கால் அவளுக்குத் துணையும் இல்லை.

இதனைப் படித்தபோது எம் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுந்தன. பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஒருங்கு கூடி, துயரத்தால் அன்றி விருப்பத்தால், வறண்ட மலையிடுக்குகளில் நடந்தும் கூடாரமடித்தும் செல்லுதற்கு நம் மரபில் இடமுண்டோ? உண்டெனின், அத்தகைய நிலம் நமக்கு அணித்தாக எங்குளது? செல்வதாயின் அவர்கள் எவற்றை அறிந்து செல்லல் வேண்டும்? இம்மூன்றனையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது, மரபு. தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஆசிரியர் இல்வாழ்க்கையின் கடைநாளைப் பற்றி ஒரு விதி கூறுகின்றார். இன்பம் நிறைந்து முதிர்ந்த காலத்தில், காவலமைந்த மக்களோடும் அறம்புரி சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததொன்றைப் பயிலுதல் அதுவரை கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் திரண்ட பொருள். உரையாசிரியர் சிலர் இதனை மனையறத்தின் நீங்கித் துறவு நெறியிற் செல்லுதலாகக் கொண்டனர். அக்கொள்கையை மறுப்பது எம் கருத்தன்று. ஆயினும் அவ்விதியில் ஒன்று குறிக்கத்தக்கது: சிறந்ததைப் பயிலுவோர் கிழவன் ஒருவன் அல்லன், கிழவனும் கிழத்தியும் ஆகிய இருவருமே. முதுமையிற் கற்றற்குரியது ஒன்று உண்டு என்பதும், அதனை இருவரும் கூடிக் கற்றல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

மறைநூலிலும் இதற்குச் சான்றுண்டு. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. சாராள் அவரினும் 10 ஆண்டு இளையவர். எனவே 65 வயதினர். இக்காலத்தார் ஓய்வூதியம் பெற்றுத் திண்ணையில் அமரும் வயதில் அவ்விருவரும் கூடாரவாசிகளாயினர். சாராள் இறந்தபோது அவருக்கு வயது 127 என்று ஆதியாகமம் கூறுதலின், 62 ஆண்டுகள் அவர்கள் கூடாரங்களிற் கூடி வாழ்ந்தனர் என்பது கணக்கினாற் பெறப்படும். அந்நாட்டில் ஆபிரகாம் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய நிலம் மனைவியின் கல்லறைக்கெனக் கொண்ட மக்பேலா நிலமே என்பதை நினையுங்கால், நெடுவழியின் துணை இன்னதென்பது நம் உள்ளத்திற் பதியும்.

சிலப்பதிகாரத்திற் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிப்படுத்தியதும் நாம் அறிந்ததே. பகல் வெம்மை கடுமையாதலின், அவர்கள் நிலவொளியில் இரவிற் சென்றனர் என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். வழியின் இடர்களை முன்னறிந்து, பொழுதினை மாற்றிக்கொண்டு நடக்கும் அறிவு அது. பின்னாளில், 1863 இல் பல்லாவரத்திற் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நில நூலறிஞர், 1891 இல் அரசாங்க நில ஆய்வுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் தம் ஆராய்ச்சியை விட்டாரல்லர். இவர்தம் முதல் மனைவியார், தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியார். அமெரிக்காவில் எம்மா கேட்வுட்டு என்னும் மூதாட்டியார் 1955 இல் தம் 67 ஆம் வயதில் அப்பலேச்சிய மலைத்தடம் முழுவதையும், 2,000 மைலுக்கு மேற்பட்ட தொலைவினை, தனியொருவராய் நடந்து முடித்தார். ஆகவே முதுமையும் நெடுநடையும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது தெளிவு.

இரண்டாவது, நிலம். செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட வல்லம் பகுதியார்க்குக் கல்மலை புதிதன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கின்றன. 1649 இல் பீசப்பூர்ப் படைக்கும், 1677 இல் சிவாசிக்கும் வயப்பட்டு, 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கிய இக்கோட்டை, 2025 இல் மராட்டியப் படையரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இராசகிரியின் உச்சிக்கு அண்மையில் இயற்கையாய் அமைந்த ஆழ்ந்த பிளவு ஒன்றுண்டு. அதனை ஒரு பாலத்தின் வழியே கடந்தன்றி மேற்செல்லல் இயலாது. பள்ளத்தாக்கு என்பதன் சிற்றுருவை நம் நாட்டார் காணவிரும்பின் ஆங்குக் காணலாம்.

ஆயினும் செஞ்சியின் பாறை வேறு, பள்ளத்தாக்கு நாட்டின் பாறை வேறு. செஞ்சிக் குன்றுகள் நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகியதனால் ஆகிய கருங்கல். அதில் அடுக்கு இல்லை, விரிசல்களே உண்டு. விரிசல் வழியே நீரும் வெயிலும் புகுந்து, வெங்காயத்தின் தோல் உரிவதுபோற் பாறையை உரிக்க, எஞ்சியவை உருண்டைக் கற்களாய் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. இனி, செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றும் சங்கராபரணியாற்றைப் பின்பற்றிக் கிழக்கே சென்றால் திருவக்கரையை அடையலாம். ஆங்கு மண் வேறு. ஆறு கொணர்ந்து குவித்த மணல் இறுகிய மென்பாறை அது. அதனுள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. 1940 இல் இந்திய நில ஆய்வுத் துறையினரால் அமைக்கப்பட்ட கல்மரப் பூங்கா அது. செஞ்சியிற் பாறையின் உறுதியையும் திருவக்கரையில் அதன் மென்மையையும் கண்டவன், ஆறு பாறையை அறுக்கும் வகையை அறிதற்கு ஆயத்தமாயினான் எனலாம்.

அங்ஙனம் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு நமக்கு அண்மையில் ஆந்திர நாட்டுக் கடப்பை மாவட்டத்திற் கண்டிக்கோட்டையில் உளது. நந்திமலைப் பக்கத்தில் தோன்றி, மழை மிகக் குறைந்த அனந்தபுரம் வழியே வரும் பெண்ணையாறு (நம் தென்பெண்ணையினின்று வேறானது, வட பெண்ணை எனவும் படும்) எர்ரமலைத் தொடரை ஊடறுத்துச் செல்லும் இடம் அது. தெலுங்கில் கண்டி என்பது மலையிடுக்கைக் குறிக்கும். இடுக்கின் விளிம்பிலுள்ள கோட்டை கண்டிக்கோட்டை. ஏறத்தாழ 300 அடி ஆழத்திற்கு இருமருங்கும் செந்நிறப் பாறைகள் செங்கல் அடுக்கினாற்போல் எழுந்து நிற்கின்றன. 100 கோடி ஆண்டுகளினும் பழைமையான மணற்படிவுகள் இறுகி இப்பாறைகளாயின. அடுக்குப் பாறையில் நேர்ப் பிளவுகள் உளவாயின், ஆறு அடியை அரிக்குந்தோறும் மேற்பாறை செங்குத்தாக உடைந்து விழும். இதனாற் சுவர் போன்ற கரைகள் அமையும். செஞ்சியில் உருண்டையும் கண்டிக்கோட்டையிற் சதுரமும் காண்பதன் காரணம் இதுவே.

மேல்நாட்டில் கொலராடோ ஆறு அரிசோனாவில் அறுத்த பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழமும், சிலவிடங்களில் 29 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதனோடு ஒப்பிடக் கண்டிக்கோட்டை ஒரு குழந்தை. அது மெய்யாகிய பாலைவனமும் அன்று. ஆண்டிற்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நாட்டையே புவிநூலார் பாலைவனம் என்பர். அனந்தபுரமோ சற்றேறக்குறைய 550 மில்லிமீட்டர் பெறுகின்றது. ஆயினும் நம் இலக்கணப்படி நோக்கின், குறிஞ்சி வேனிலால் திரிந்து நிற்கும் அவ்விடம் ஐயமின்றிப் பாலையேயாம்.

மூன்றாவதாகிய அறிவுரைப் பகுதி இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி; ஏனெனின் இதிற் பிழை நேரின் உயிருக்கே இடர். விளக்கம் எளிதாதற்பொருட்டு, வல்லத்தில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் இப்பயணத்திற்கு எண்ணுவதாகக் கொள்வோம்.

அவர்கள் முதற்கண் மருத்துவரைக் காணுதல் வேண்டும். முதுமையில் உடலுக்கு நீர் வேண்டியிருந்தும் நாவிற்கு வேட்கை தோன்றுவது குறையும். இரத்தக் கொதிப்பிற்கு உண்ணும் மாத்திரைகளுட் சில உடலின் நீரை வெளியேற்றும். ஆதலின் தாகம் எடுத்த பின் குடிப்போம் என்று இருத்தல் ஆகாது. நீரிழிவுடையார் நாள்தோறும் தம் பாதங்களைப் பார்த்தல் வேண்டும். வெல்லக் கட்டியேனும் சர்க்கரையேனும் மடியில் வைத்திருத்தல் வேண்டும்.

பின்னர்ப் பயிற்சி. முதல் மாதம் நாள்தோறும் காலையில் ஏரிக்கரை நடை. இரண்டாம் மாதம் திருவக்கரை போன்ற மேடுபள்ளங்களிலும், செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று போன்ற சிறு குன்றுகளிலும் நடை. இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற அக்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டும் உண்டு. கற்பார்க்கு அது பயனுடையது. மூன்றாம் மாதம் இராசகிரி. அதனை ஏறி இறங்கி, மறுநாள் முழங்கால் வீங்காதிருப்பின், அவர்கள் கண்டிக்கோட்டைக்குத் தகுதியுடையராவர். முழங்காலை வருத்துவது ஏற்றத்தினும் இறக்கமே; ஆதலின் இருவர்க்கும் தனித்தனி கைத்தடி வேண்டும்.

காலம், கார்த்திகை முதல் மாசி முடிய. திண்டிவனத்திற் புகைவண்டி ஏறிச் சென்னையடைந்து, ஆங்கிருந்து மும்பை செல்லும் வழியில் முத்தனூர் என்னும் நிலையத்தில் இறங்கின், சாலை வழியாகக் கண்டிக்கோட்டைக்குச் செல்லலாம். நண்பகல் பாலைக்கு உரியது என்று தொல்காப்பியர் கூறியதை இவர்கள் இலக்கண விதியாக மட்டும் கொள்ளாது உடல்நல விதியாகவும் கொள்ளுதல் நன்று. காலை பத்து மணிக்குள் நடையை முடித்து, மாலை நான்கு மணிவரை நிழலில் தங்கி, பின்னர்ப் புறப்படுதலே முறை.

நீரே எல்லாவற்றினும் முதன்மையானது. வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். நான்கு மணிநேர நடைக்கு இருவர்க்கும் 6 லிட்டர் ஆகும். அதன் நிறை 6 கிலோ. முதியோர் சுமக்கத்தக்க நிறையே அவர்கள் நடக்கத்தக்க தொலைவை வரையறுக்கும் என்பது இதனால் விளங்கும். இனி, மலைக்கும் பள்ளத்தாக்கிற்கும் உள்ள பெரியதொரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். மலையில் முதலில் வருத்தம், பின்னர் எளிமை. தளர்ந்தவன் திரும்பினால் இறக்கம் அவனுக்கு உதவும். பள்ளத்தாக்கிலோ முதலில் எளிமை, பின்னர் வருத்தம். தளர்ந்தவன் திரும்பும்போதுதான் ஏற்றம் தொடங்கும். பெரும்பள்ளத்தாக்கின் அடித்தளம் விளிம்பினும் 11 பாகை செல்சியசு அளவிற்கு வெப்பம் மிகுந்ததாகவும் இருக்கும். ஆகவே கொண்டுசென்ற நீரில் மூன்றில் ஒரு பங்கு செலவானவுடன், எத்துணை அழகிய காட்சி எதிரே இருப்பினும், திரும்பிவிடல் வேண்டும். மீதி இரண்டு பங்கும் ஏற்றத்திற்கு உரியன. வெறும் நீரே பருகின் உடலின் உப்புக் குறையுமாதலின், உப்பிட்ட மோரும், எம் பக்கத்தார் மல்லாட்டை என வழங்கும் மணிலாக்கடலையும், வெல்லமும் உடன்கொள்க.

கூடாரம் அடிக்கும் இடத்தை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். உலர்ந்த ஓடையின் மணற்படுகை மெத்தைபோல் தோன்றும். அதுவே கொடிய இடம். 1997 ஆகஸ்டு 12 ஆம் நாள் அரிசோனாவின் ஆன்டிலோப்பு இடுக்கில், பல மைலுக்கு அப்பாற் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து 11 பேரைக் கொண்டு சென்றது. ஓடையினும் உயர்ந்த மேட்டில், விளிம்பினின்று நன்கு விலகிய இடத்திற் கூடாரம் அமைக்க. கண்டிக்கோட்டையின் பாறை விளிம்பு இரவிற் கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் இருட்டிய பின் ஒருவர் வெளியே செல்லின் மற்றவரை எழுப்பிச் செல்லுதலும், டார்ச் விளக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தலும் விதியாகுக. காலையிற் காலணியைக் கவிழ்த்துத் தட்டிய பின்னரே அணிக. தேள் அங்கே உறங்குதல் கூடும்.

அனுமதியின்றிக் காட்டிற் புகுதல் எஞ்ஞான்றும் ஆகாது. 2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் உயிரிழந்ததை நாம் மறத்தற்கில்லை. 2024 இல் தமிழ்நாடு அரசு வழிகாட்டிகளோடு கூடிய 40 மலைத்தடங்களை வகுத்து அறிவித்தது. உரியோரிடம் தெரிவித்து, செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் மக்கட்கு எழுதிவைத்துச் செல்லுதல் அச்சமன்று, அறிவுடைமையே.

இவ்வளவும் கூறிய பின், தடை ஒன்று எழும். "இத்தனை இடர் உளதாயின், இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இது, பெரியம்மா?" என்று அண்டை வீட்டார் வினவுவர். அவ்வினா பெரும்பாலும் பெரியப்பாவை நோக்கி எழுவதில்லை. பெரியம்மாவை நோக்கியே எழும். இதன்கண் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. செஞ்சி மலையை நாள்தோறும் வாயிலில் நின்று காண்கின்ற நம் ஊர்த் தாய்மாருட் பலர், வாழ்நாளில் ஒருமுறையேனும் அதன்மேல் ஏறியவரல்லர். ஆடவர் பணி நிமித்தம் ஊர்கள் பல கண்டனர். பெண்டிர் அடுப்படியில் நின்று அவர்களை வழியனுப்பினர். கணவனுக்கு 60 ஆம் வயதில் ஓய்வு வந்தது. மனைவிக்கு எந்த வயதில் ஓய்வு? அரசாங்க ஆணை எதுவும் அதற்கு இல்லை. அவர் கூடாரத்தின்முன் அமர்ந்திருக்க, கணவர் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாராயின், அப்பயணத்தின் பயனிற் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

மற்றும் ஒன்று. நெடுநாள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவர் நடைவேகத்தை ஒருவர் அறியாத தம்பதியர் பலர். குறுகிய தடத்தில் முன்செல்வோர் பின்வருவோரின் மூச்சைக் கேட்டு நடத்தல் வேண்டும். விரைவில் நடப்பவர் முன்னே செல்லாது, மெல்ல நடப்பவரை முன்னே விட்டு அவர் வேகத்தையே இருவர் வேகமாகக் கொள்ளுதல் மலைநடையின் முதல் விதி. அவ்விதியைப் பயின்றோர் வீடு திரும்பிய பின்னும் அதனை மறவார். தொல்காப்பியனார் கூறிய சிறந்தது பயிலுதலில் இதுவும் ஒன்று என்று கொள்ளுதல் பிழையாகாது என்பது எம் துணிபு. என்றேனும் ஒருநாள் இருவருள் ஒருவர் தனித்து நடக்கும் பாலை வந்தே தீரும். அதற்கு வேனிலும் இல்லை, நண்பகலும் இல்லை. அந்நாளில் துணையாய் நிற்பது, கூடி நடந்த நாட்களின் நினைவே.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்கட்கு யாம் கூறுவது இது. நம்மிற் பலருடைய பெற்றோர் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுவர். அவர்களைத் திண்ணையில் அமர்த்தி மருந்துப் புட்டிகளை எண்ணிக்கொடுப்பது மட்டும் மக்கட் கடனன்று. தொல்காப்பியர் கூறிய காவலமைந்த மக்கள், பெற்றோரை வீட்டிற் காவல் வைக்கும் மக்கள் அல்லர். அவர்கள் செல்லும் வழிக்குக் காவலாய் அமையும் மக்கள். வருகின்ற கார்த்திகையில் ஒரு காலைப்பொழுதில், நீர்க்குடுவையும் கைத்தடியும் கொடுத்து, அவர்களை இராசகிரியின் முதற்படிவரை நாமே அழைத்துச் செல்வோமாக. அதன்பின் எவ்வளவு ஏறுவது என்பதை அவ்விருவரும் முடிவுசெய்துகொள்வர்.